நூலக ஆணையும் நூலகரும்

நம்முடைய சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் பொது நூலகத்தைப் பற்றிப் பேச ஒரே ஒரு விஷயம்தான் உண்டு: நூலக ஆணை. இந்த வருஷம் ஆணை வந்ததா, எத்தனை பிரதி, யாருக்குக் கொடுத்தார்கள், யாரை விட்டார்கள், பணம் எப்போது கைக்கு வரும். ஆணை வந்த வருஷம் மௌனம். வராத வருஷம் கலாச்சார நெருக்கடி. தலையங்கம், கூட்டறிக்கை, கண்டனக் கூட்டம். கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியலைப் பார்த்தால் தமிழின் தீவிர எழுத்து முழுவதும் ஒரே தாளில் அடங்கிவிடும். இவர்களில் எத்தனை பேர் கடந்த ஒரு வருஷத்தில் தங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குள் காலெடுத்து வைத்திருப்பார்கள்? ஒரு கை விரல்கள் போதும் என்பது என் அனுமானம். நூலகம் இவர்களுக்கு ஒரு சந்தை. சரக்கு விலை போகிறதா என்பதுதான் கவலை. வாங்கிக்கொண்டு போனவன் அதை என்ன செய்தான் என்பதைப் பற்றி வியாபாரிக்கு என்ன வந்தது?

ஆணை கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. சில நூறு பிரதிகள் அச்சிடும் ஒரு பதிப்பகம் நூலகத்தை நம்பித்தான் மூச்சு விடுகிறது. ஆனால் அந்த ஆணை எத்தனையோ பத்தாண்டுகளாக எந்த அளவுகோலில் போடப்பட்டு வந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. பாரக் கணக்கு. பதினாறு பக்கம் ஒரு பாரம். பாரத்துக்கு இவ்வளவு காசு. இருபது வருஷம் உழைத்து எழுதிய ஆராய்ச்சிக்கும் இரண்டு ராத்திரியில் ஒட்டிச் சேர்த்த பொது அறிவுத் துணுக்குகளுக்கும் ஒரே விலை. (கவிதைத் தொகுப்பில் வரிகளுக்குப் பக்கத்தில் கிடக்கும் வெற்றிடத்துக்கும் இந்தக் கணக்கில் காசு உண்டு. நவீன கவிதைக்கு அரசாங்கம் செய்த நேரடி உதவி என்று இதை மட்டும்தான் சொல்ல முடியும்.) இப்போது கொள்முதல் இணையதளத்துக்கு மாறியிருக்கிறது, எல்லாம் வெளிப்படையாக நடக்கும் என்கிறார்கள். நடக்கட்டும். ஆனால் எந்த வழியில் வாங்கினாலும் கடைசியில் அந்தக் கட்டைப் பிரித்து அலமாரியில் வைப்பவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு என்ன சம்பளம், என்ன படிப்பு, வேலைக்கு வந்த பிறகு அவருக்கு யார் எதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று எந்தக் கூட்டறிக்கையிலும் ஒரு வரி நான் பார்த்ததில்லை.

எங்கள் மாவட்டத்தில் ஒரு சிறிய நூலகம். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் அந்த அம்மாவுக்குத்தான் தொந்தரவு. கதவைத் திறப்பது, பெருக்குவது, பேப்பரை மேஜையில் விரிப்பது, புத்தகம் கொடுப்பது எல்லாம் அவர் ஒருவர்தான். நூலகவியலில் பட்டம் வாங்கியவர். நான் தேடிப்போன புத்தகம் வந்திருந்தது, ஆனால் கட்டுப் பிரிக்கவில்லை. “அலமாரி இல்ல சார். ரெண்டு தடவ எழுதிப் போட்டாச்சு” என்றார். சரி, பிரித்த கட்டுகளில் நல்ல நாவல் ஏதாவது சொல்லுங்கள் என்றேன். சிரித்துவிட்டார். “எங்கிட்ட யாரு சார் கேக்கா? வாறதப் பதியணும், நம்பர் போடணும், சீல் வைக்கணும். வாசிக்கச் சொல்லி ஒரு ஆர்டரும் வரலியே.”

நக்கலாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. ஆனால் விஷயம் முழுவதும் அதில் இருக்கிறது. எந்தப் புத்தகம் வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலை இல்லை. ஆகவே புத்தகங்களைப் பற்றி அவருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. புத்தகங்களைப் பற்றி அவருக்குக் கற்பிக்கவில்லை. ஆகவே முடிவை அவரிடம் விட முடியாது. இந்தச் செக்கைத்தான் நாம் நூலக நிர்வாகம் என்ற பெயரில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். நாளைக்கே, இந்தா உன் ஊருக்கு வேண்டியதைத் திரையில் பார்த்துத் தேர்ந்தெடு என்று அவரிடம் சொன்னால், ஆயிரக்கணக்கான தலைப்புகளுக்கு முன்னால் அவர் என்ன செய்வார்? பிரதிநிதியை அனுப்பிக் கேட்டுக்கொண்ட பதிப்பகத்தின் பெயரைத் தட்டுவார். அதற்கு அவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது.

பணம் இல்லை என்பார்கள். இந்த இடத்தில் என் பிழைப்பு உதவிக்கு வருகிறது. நான் வங்கிக் குமாஸ்தா. ஒரு தொகை யாருடையது, யார் கையில் நிற்கிறது என்பது இரண்டு வெவ்வேறு கேள்விகள் என்று தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் தொழில். 1948 ஆம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டம் நூலகத்துக்கென்றே ஒரு வரியை ஏற்படுத்தியது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம். எழுதியவர் எஸ்.ஆர். ரங்கநாதன், கொண்டுவந்தவர் அன்றைய கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார். சொத்து வரியில் ரூபாய்க்கு அரையணா என்று தொடங்கியது, இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. வீட்டு வரி நூறு ரூபாய் என்றால் நூலக வரி பத்து ரூபாய். ரசீதில் தனியாகவே நிற்கும், எடுத்துப் பாருங்கள். சென்னை நகரம் நீங்கலாக மற்ற இடங்களில் வசூலாகும் வரிக்குக் குறையாத ஒரு தொகையை அரசாங்கமும் போட வேண்டும் என்றும் அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அதாவது குடிசைக்கு வரி கட்டும் மீனவனும் நூலகத்துக்குச் சந்தா கட்டியவன்தான். யாரும் யாருக்கும் தர்மம் செய்யவில்லை.

இந்தப் பத்து ரூபாயை வசூலிப்பது பஞ்சாயத்தும் பேரூராட்சியும் நகராட்சியும். வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்ப்பதில்லை, அல்லது தோன்றும்போது சேர்க்கிறார்கள். சென்னை மாநகராட்சியே கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருந்த கதை எத்தனையோ முறை செய்தித்தாள்களில் வந்துவிட்டது. என் கவுண்டரில் ஒருவர் இன்னொருவர் கணக்கில் கட்டச் சொல்லி ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார். நான் அதை மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டு, கிளைக்கு மின்விசிறி வாங்க வேண்டியிருந்தது, அடுத்த மாதம் கட்டிவிடுகிறேன் என்கிறேன். அன்று சாயங்காலத்துக்குள் என் சஸ்பென்ஷன் ஆர்டர் டைப் ஆகியிருக்கும், டைப் ஆகவும் வேண்டும். இதே காரியத்தை ஓர் உள்ளாட்சி வருஷக்கணக்கில் செய்தால் அதற்குப் பெயர் நிதி நெருக்கடி.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரனுக்கு இதில் கூடுதலாக ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. 1945 செப்டம்பரில் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர் நாற்பத்தேழு கிராம நூலகங்களைக் கூட்டி அகில திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கியபோது அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூரில் இருந்தன. ஊர்க்காரர்கள் கூடி நூலகம் தொடங்குவது, சங்கத்தில் சேர்வது, அரசாங்கத்திடம் கிராண்ட் வாங்குவது என்பது அதன் வழி. பதினொரு வருஷம் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. சேர்ந்தது நியாயம்தான், இணைப்புப் போராட்டத்தைப் பற்றி எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. கோர்ட் பாஷை, பள்ளிக்கூடப் பாஷை, வயல் தண்ணீர் என்று எதையெல்லாமோ பேசினார்கள். நூலகம் ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாறுகிறது என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

அந்த மாற்றம் சாதாரணமானதல்ல. அங்கே நூலகம் ஊருக்குச் சொந்தம், அரசாங்கம் உதவி செய்யும். இங்கே நூலகம் அரசாங்கத்துக்குச் சொந்தம், ஊர் வரி கட்டும். கொள்கை அளவில் ரங்கநாதனின் வழிதான் உயர்ந்தது என்று நான் நினைக்கிறேன். ஊர்ப் பெரிய மனிதரின் தாராளத்தையோ கட்சிக் கிளையின் உற்சாகத்தையோ நம்பி ஒருவன் வாசிக்கக் கூடாது; ரோட்டைப் போல, குடிதண்ணீரைப் போல அது அவன் உரிமையாக இருக்க வேண்டும். ஆனால் அந்த வழி இரண்டு கால்களில் நிற்பது: வரி ஒழுங்காக வந்து சேர வேண்டும், பயிற்சி பெற்ற ஒருவர் நாற்காலியில் இருக்க வேண்டும். இரண்டு காலும் இல்லாமல் நிற்கச் சொன்னால் அது உட்காரத்தான் செய்யும். விளைவு, நாஞ்சில் நாட்டில் இன்று நூலகம் ஊருக்கும் சொந்தமில்லை, அரசாங்கத்துக்கும் அதில் அக்கறையில்லை. ஆணைக்குழுத் தலைவர் பதவி ஆளுங்கட்சியில் வேறு எதுவும் கிடைக்காதவருக்கான ஆறுதல் பரிசு. நூலகங்களில் வாசகர் வட்டம் உண்டு. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் புரவலர் என்று பெயர்ப்பலகையிலும் ஏறலாம். முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் எந்த வட்டத்துக்கும் கிடையாது.

களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்குப் போனால் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. கேரளத்தில் 1989 ஆம் வருஷச் சட்டத்தின்படி நூலகக் கவுன்சில், தாலுகா முதல் மாநிலம்வரை தேர்தல், நூலகங்களுக்குத் தரம் பிரித்து கிராண்ட், கல்வி பட்ஜெட்டில் ஒரு சதவீதத்துக்குக் குறையாத பங்கு எல்லாம் உண்டு. தேர்தல் என்றால் கட்சி வரும்; வந்திருக்கிறது. கிராம நூலகர்களுக்கு அங்கே கிடைப்பது சம்பளம் அல்ல, அலவன்ஸ்தான். ஆனால் நூலகத் தேர்தலுக்காக இரண்டு கட்சிகள் மோதிக்கொள்ளும் ஒரு சமூகத்தையும், நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தெரியாத ஒரு சமூகத்தையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பயிற்சிக்கு வருகிறேன். ரங்கநாதனின் படத்தை மாட்டி வைத்துக்கொண்டு அவருடைய வாழ்க்கையிலேயே உள்ள பாடத்தைப் படிக்காமல் விட்டது நம் சாமர்த்தியம். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தபோது அவர் ஒரு கணித ஆசிரியர். நூலகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. சேர்ந்த சில நாட்களிலேயே வெறுத்துப்போய் பழைய வேலைக்கே திரும்பப் பார்த்தார். பல்கலைக்கழகம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே படித்தார், இங்கிலாந்தின் நூலகங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார், பார்த்த பிறகுதான் தான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. 1925 இல் திரும்பி வந்தார். 1928 இல் சென்னை நூலகச் சங்கம், 1929 இல் நூலகர்களுக்குக் கோடைகாலப் பள்ளி, 1931 இல் ஐந்து விதிகள், 1933 இல் கோலன் பகுப்புமுறை, பிறகு 1948 சட்டம். ஒரு குமாஸ்தாவின் கணக்கில் சொன்னால், ஒரு மனிதனின் கப்பல் டிக்கெட்டுக்கும் சில மாதப் படிப்புக்கும் போட்ட முதல் இவ்வளவு வட்டி தந்திருக்கிறது. சேமித்த பணத்தில் ஒரு லட்சத்தை அவர் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றுக்காக அதே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது, அந்தக் கணக்கு அவருக்கே தெரிந்திருந்தது என்பதற்கு அத்தாட்சி.

சென்னை நூலகச் சங்கம் பிறந்த அதே 1928 இல்தான் பம்பாயில் இந்திய வங்கியாளர் நிறுவனமும் பிறந்தது. அதன் தேர்வுகளை நான் எழுதியிருக்கிறேன். தேறினால் சம்பளத்தில் இன்கிரிமென்ட் உண்டு. வங்கிக்கு வங்கி பயிற்சிக் கல்லூரி உண்டு. புதிய மென்பொருள் வந்தால், புதிய சட்டம் வந்தால், பேருந்துச் செலவு கொடுத்து, சாப்பாடு போட்டு, உட்கார வைத்துச் சொல்லித்தருவார்கள். அடுத்தவன் பணத்தை எண்ணுகிறவனுக்கு இத்தனை உபசாரம். அடுத்தவன் பிள்ளை எதை வாசிக்கிறது என்பதற்குப் பொறுப்பான ஊர்ப்புற நூலகர் முறையான ஊதிய விகிதத்துக்கு வெளியே, சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற திண்ணையில் உட்காரவைக்கப்பட்டு, தன்னை மூன்றாம் நிலை நூலகராகவாவது ஆக்கும்படி மனுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பணியிடைப் பயிற்சி என்று அவருக்குக் கிடைப்பது ஓரிரண்டு நாள்: கணினி, பதிவேடு, தணிக்கைக்கு என்னென்ன தாள்கள் தயாராக இருக்க வேண்டும். பட்டப் படிப்பில் பகுப்பதும் பட்டியலிடுவதும் சொல்லித்தருகிறார்கள், தேவைதான். ஆனால் கிருஷ்ணன் நம்பி யார், ஹெப்ஸிபா ஜேசுதாசன் எழுதியது இந்த மண்ணில் நடந்த கதை, தோப்பில் முஹம்மது மீரானைக் கடற்கரைப் பையன் ஒருவன் கேட்டு வந்தால் அவனுக்கு அடுத்ததாக எதைக் கொடுக்கலாம் – இதைச் சொல்லித்தரும் ஒரு மணி நேரம் எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

இதற்கெல்லாம் நிதி எங்கே என்று கேட்டால், வழி அடைபட்டு ஒன்றும் கிடக்கவில்லை. ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை 1972 இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. நூலகப் புத்தகங்களில் அதன் ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்திருப்பீர்கள். மாநிலம் ஒரு பங்கு போட்டால் அது ஒரு பங்கு போடும் இனமும் உண்டு, முழுவதும் தானே கொடுக்கும் இனமும் உண்டு. புத்தகத்துக்கும் அலமாரிக்கும் மட்டுமல்ல, கருத்தரங்கு, பட்டறை, பயிற்சி வகுப்புக்கும் அதனிடம் உதவி கேட்கலாம். 2014 இல் டெல்லியில் தொடங்கிவைத்த தேசிய நூலக இயக்கத்திலும் ஊழியர் பயிற்சி ஓர் அங்கம். கேட்பவர்தான் வேண்டும். கேட்பதற்குத் திட்டம் எழுத வேண்டும், திட்டம் எழுதத் தெரிந்தவர் வேண்டும், மறுபடியும் செக்கடிக்கே வந்துவிட்டோம்.

அமெரிக்கக் கோடீஸ்வரர் கார்னகி உலகம் முழுவதும் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களைக் கட்டிக்கொடுத்தார். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகளை அவர் கம்பெனி நடத்திய விதம் வேறு கதை. ஆனால் பணம் கொடுப்பதில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: கட்டிடம் நான் தருகிறேன், கட்டிடச் செலவில் பத்தில் ஒரு பங்கை வருஷாவருஷம் நடத்தும் செலவுக்கு ஊர் ஒதுக்க வேண்டும். கட்டிடம் வாசிக்காது என்பது இரும்பு வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. நமக்குத் தெரியவில்லை. 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து நூலகக் கட்டிடம் எழுந்தது. நூலகத் துறை அல்ல, ஊரக வளர்ச்சித் துறை கட்டியது. ஓய்வுபெற்ற ஒருவரையோ சுய உதவிக்குழுப் பெண்ணையோ சொற்ப மதிப்பூதியத்துக்கு உட்கார வைத்தார்கள். எத்தனை கட்டிடங்களில் பூட்டுத் தொங்கியது என்பதைப் பஸ்ஸில் போகிற எவனும் பார்த்திருப்பான். கோட்டூர்புரத்தில் 2010 இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை மறு வருஷமே குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அறிவித்தபோது எழுத்தாளர்கள் கொதித்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், காப்பாற்றினார்கள். செய்ய வேண்டியதுதான். மதுரையில் 2023 இல் இன்னொரு பிரம்மாண்டம் திறந்தபோது மகிழ்ந்தார்கள். அதுவும் சரி. ஆனால் மேல்மாடியைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது தரைத்தளத்தில் ஆளில்லை என்பதைச் சொல்ல வேண்டியது விமர்சகனின் வேலை இல்லையா?

இரண்டு பதில்கள் தயாராக இருப்பது எனக்குத் தெரியும். ஒன்று, யார் வாசிக்கிறார்கள், எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது, நூலகத்தில் இருப்பவர்கள் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் மட்டும்தான் என்பது. இந்தப் பையன்களை ஏளனம் செய்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் ஓர் அறை, ஒரு மின்விசிறி, சத்தமில்லாத நான்கு மணி நேரம் கிடைக்காதவர்கள் அவர்கள். நானும் வங்கித் தேர்வுக்கு அப்படி ஒரு மேஜையில்தான் படித்தேன். அந்த மேஜையிலிருந்து நான்கு அடி தள்ளி சுந்தர ராமசாமியின் நாவல் இருந்தது. எழுந்துபோய் அதை எடுத்தது தற்செயல். நான்கு அடிக்கும் ஒரு ஆள் தேவை. ‘இதைப் பார்த்தியாப்பா’ என்று சொல்லக்கூடிய ஆள். செல்போன் அந்த நான்கு அடியை நானூறு மைலாக்கிவிட்டது என்றால், அந்த ஆள் இன்னும் நூறு மடங்கு தேவை என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது பதில் நம் ஆட்களுடையது. நூலகருக்கு ரசனை கற்பிக்க முடியுமா, அது பிறவியில் வருவதல்லவா என்பார்கள். அபத்தம். ரசனையை நான் கேட்கவில்லை, தகவலைக் கேட்கிறேன். ஒரு மருந்துக்கடைக்காரருக்கு வைத்தியம் தெரிய வேண்டாம். எந்த மருந்து எந்த அலமாரியில், எது எதற்கு என்று தெரிய வேண்டாமா? இந்த மாவட்டத்திலேயே எழுத்தாளர்கள், பேராசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் எத்தனை பேர்! வருஷத்துக்கு ஆறு சனிக்கிழமை, ஒரு சனிக்கிழமைக்கு இருபது நூலகர்கள். பயணப்படியும் சாப்பாடும் அந்த நாளுக்கான சம்பளமும் நூலக நிதியிலிருந்து. இந்தப் படிப்பு முடித்தவருக்கு இன்கிரிமென்ட் ஒன்று, கூடவே அவருடைய கிளைக்கு வாங்கும் புத்தகத்தில் பத்தில் ஒரு பங்கை அவரே தேர்ந்தெடுக்கும் அதிகாரம். தப்பாகத் தேர்ந்தெடுக்கட்டும். இத்தனை வருஷம் பாரக் கணக்கில் வாங்கிக் குவித்ததைவிட அது பெரிய தப்பாகிவிடாது.

அதற்கு முன்னால் பணம் எங்கே என்று தெரிய வேண்டும். எங்களுடையது பேரூராட்சிகள் நிறைந்த மாவட்டம். நாகர்கோவிலும் 2019 முதல் மாநகராட்சி. சொத்து வரியும் அதோடு நூலக வரியும் குறையப் போவதில்லை. 2005 ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். கேள்வி மூன்றே வரி: கடந்த ஐந்து வருஷங்களில் வசூலித்த நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்கு அனுப்பியது எவ்வளவு, எந்தெந்தத் தேதிகளில், மீதி எந்தக் கணக்கில் இருக்கிறது. நான் என் பேரூராட்சிக்கு எழுதிவிட்டேன். இந்த இதழுக்கு மாவட்டத்தில் எத்தனை சந்தாதாரர்கள் இருக்கிறார்களோ, அத்தனை உள்ளாட்சிகளுக்கும் விண்ணப்பம் போகலாம். பதில்களை ஆசிரியருக்கு அனுப்புங்கள், கூட்டிப் போடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.